மேல் மூலையில் வைத்த பொருத்து

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வாயைத் திறந்து பேசத் தெரியாது என்றுதான் பல வருடங்களாக நம்பியிருந்தேன். மனைவி சொல்லின் வாலை விழுங்கிவிடுவாள். மகள் போனைப் பார்த்தபடி தாடைக்குள் பேசுவாள். மனைவியின் தமையன், அதாவது என் மச்சான், உயிலங்குளத்தில் இருக்கிறவர், பாடசாலை அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். முற்றம் நிறைந்த பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்கிய மனிதர் என்று ஊரில் பேச்சு. அந்தத் தொண்டை எங்கே போனதோ தெரியாது. என் காரில் ஏறினால் மட்டும் குருவானவரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலில் நிற்பவரைப் போலக் குசுகுசுப்பார்.

இவர்கள் மூன்று பேரையும் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது என் கார்.

யப்பான்காரன் தன் நாட்டின் வழுவழுப்பான தெருவில் கடைக்குப் போய் வருவதற்கென்று செய்த சின்னக் கார் அது. கதவைத் தட்டினால் பிஸ்கற் பேணியைத் தட்டினது மாதிரி இருக்கும். இறக்குமதியை நிறுத்தி நாட்டுக்குள் புதுக் கார் வராமல் நின்ற காலத்தில், இருக்கிறதைப் பொன்போல வைத்திருங்கள் என்று எல்லாரும் புத்தி சொன்னார்கள். நானும் வைத்திருந்தேன். ஆனால் பொன் இப்படி இரைவதில்லை. மன்னார்த் தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகிற பாலத்தில் ஏறினால் போதும், சோளகம் வீசுகிற மாதங்களில் காற்று வலப்பக்கமாக வந்து நேரே என் கதவில் அறையும். ரயர் உருளுகிற சத்தம், காற்றின் உறுமல், கதவின் நடுக்கம் எல்லாம் சேர்ந்து உள்ளே ஒரு சந்தை நடக்கும். அந்தச் சந்தைக்குள் மனைவி ஏதோ சொல்வாள். நான் "ஆ?" என்பேன். அவள் திரும்பச் சொல்வாள். நான் திரும்பவும் "ஆ?" என்பேன். மூன்றாம் தரம் "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்ப்பாள். அந்த "ஒண்டுமில்லை" மட்டும் எனக்கு எப்போதும் தெளிவாகக் கேட்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் காதைப் பற்றிப் பேச இந்தத் தீவில் ஒருவருக்கும் தகுதியில்லை என்பதுதான் அப்போது என் எண்ணம். மீனுக்குப் போடுகிற ஐஸ் செய்கிற பெக்டரி ஒன்றில் முப்பது வருடம் மெஷின் பார்த்தவன் நான். நீளமான ஸ்குரூட்ரைவரின் நுனியை ஓடுகிற கொம்பிரசரின் உடம்பில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பேன். எந்தப் பெயாரிங் தேய்கிறது, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அப்படியே சொல்வேன். கொழும்பிலிருந்து இஞ்சினியர்மார் கழுத்துப் பட்டியும் கணினியுமாக வருவார்கள். அரை நாள் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் நான் காலையில் சொன்னதையே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, இறால் பொரியலும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். படித்த காதுக்கும் பழகிய காதுக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குத் தெரியாது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடமாட்டார்கள். கடற்கரை ஊரான அரிப்பிலிருந்து போட்காரர் வருவார்கள், எருக்கலம்பிட்டியிலிருந்து லொறிக்காரர் வருவார்கள். "ஐயா, ஒருக்கா வந்து காது வச்சுப் பாருங்கோ" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் காலைச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போயிருக்கிறேன். ஊரில் எனக்குச் சொந்தப் பெயரைவிட அந்தக் காதுதான் பெயர். அது போய்விட்டால் நான் கிழவன். காலையில் பேப்பர் வாங்கி, மத்தியானம் வரை அதையே திருப்பித் திருப்பிப் படிக்கிற இன்னொரு கிழவன். அந்தக் கூட்டத்தை எனக்கு அடியோடு பிடிக்காது.

இப்படிப்பட்ட என்னைப் பார்த்துத்தான் மகள், காது கிளினிக்குக்கு வாங்கோ என்றாள்.

அவள் ஆஸ்பத்திரியில் தாதி. தாதிகளுக்கு ஒரு குணம் இருக்கிறது. மனிதரைப் பார்த்தால் மனிதர் தெரியாது, எந்த வார்ட் என்றுதான் தெரியும். நான் ரீவியைச் சத்தமாகப் போடுகிறேனாம். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். அடுப்பில் வைத்த கேத்தல் தண்ணீர் வற்றிக் கருகும்வரை பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேனாம். அந்தக் கேத்தலைப் பற்றி நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். விசில் ஊதும் என்று பெட்டியில் படம் போட்டு விற்கிறான்கள், விசிலும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, மலிவுச் சாமான் வாங்கினால் இதுதான் கதி. மகள் தாயைப் பார்த்தாள். தாய் கேத்தலைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

கடைசியில் சண்டை காரில்தான் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் இருக்கிறது. உண்மையில் அது மனைவியின் பழக்கம், எங்கள் மேல் ஏற்றிவைத்தாள். காரில் பெருநிலத்துக்குப் போனால், பாலத்தின் வாயில் செபமாலை தொடங்கும். ஒவ்வொரு மணிக்கும் உரிய செபத்தில் அவள் முதற்பாதி சொல்வாள், மற்றவர்கள் பிற்பாதி சொல்லவேண்டும். ஐம்பது மணியும் முடிகிறபோது உயிலங்குளம் வந்துவிடும். கிலோமீற்றரால் அளக்கிறவர்கள் அளக்கட்டும், அவளுக்கு அந்தத் தெரு ஐம்பது மணி நீளம். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் போனோம். மச்சானும் பூசைக்குத் தீவுக்கு வந்திருந்தவர், திரும்பிப் போக எங்களோடு ஏறினார். போகிற இடமும் அவருடைய வீடுதான். ஞாயிறு மத்தியானம் எங்களுக்கு அங்கே சாப்பாடு.

செபமாலையின் மூன்றாவது பத்தில் மகள் செபத்தை நிறுத்திவிட்டு, அப்பா திரும்பத் திரும்ப முந்துகிறார் என்றாள். தாய் முதற்பாதியைச் சொல்லி முடிக்கவில்லையாம், நான் பிற்பாதியைத் தொடங்கிவிடுகிறேனாம். சில வேளை அவள் முடித்து வெகுநேரம் காத்திருக்கிறாளாம், நான் வாய் திறக்காமல் இருக்கிறேனாம். பின் இருக்கையில் மச்சான் ஏதோ முணுமுணுத்தார். என்ன சொன்னார் என்று கேட்டேன். அவர் முணுமுணுத்தார். திரும்பக் கேட்டேன். மகள்தான் சத்தமாகச் சொன்னாள், மாதாவுக்கே குழப்பமாயிருக்கும் என்கிறார் மாமா என்று.

காரைத் தெரு ஓரத்தில் நிறுத்தினேன். இந்தத் தகரப் பேணிக்குள் மாதாவே நேரில் வந்து பேசினாலும் கேட்காது என்று சொன்னேன். குறை காரில், காதில் இல்லை. மகள் விடவில்லை. நாங்களும் இதே காரில்தான் இருக்கிறோம், எங்களுக்குக் கேட்கிறதே என்றாள். அப்போது மச்சான் வாயைத் திறந்தார். அது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது.

"ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே இறக்கிவிட்டிருக்கலாம். பஸ் வர ஒரு மணித்தியாலம் இருந்தது, வெயிலும் நல்ல வெயில். மனைவியின் முகத்துக்காக விட்டேன். ஆனால் திரும்பி மகளைப் பார்த்துச் சொன்னேன்:

"அடுத்த ஞாயிறுக்குள்ள இந்தக் காரின்ர இரைச்சலை நிப்பாட்டிக் காட்டுறன். அதுக்குப் பிறகும் எனக்குக் கேக்கேல்லை எண்டால் உன்ர கிளினிக்குக்கு வாறன். மெஷின் பாக்கிறதையும் அண்டையோட விடுறன்."

"சத்தியமாவோ?" என்றாள்.

"மாதா சத்தியம்."

என் பக்கத்து இருக்கையில் செபமாலையோடு இருந்த மனைவி, செபத்துக்கு நடுவில் சத்தியம் பண்ணாதேங்கோ என்று சொன்னதாக மகள் பிறகு சொன்னாள். எனக்கு அது கேட்கவில்லை. இரைச்சல்.

காருக்குள் வருகிற சத்தத்தில் பாதி கதவு இடுக்கால் வருகிறது என்பது யாருக்கும் தெரிந்த விஷயம். கம்பனி போட்ட ரப்பர் வயது போய்த் தட்டையாகி, அதற்குள் மன்னார் மணலும் ஏறி, காய்ந்த அட்டை மாதிரி ஆகிவிட்டது. அதன்மேல் இன்னொரு வரி ரப்பர் பீடிங் ஒட்டினால் கதவு இறுகும், இரைச்சல் குறையும். இதைச் சொல்லித் தருவதற்கு இணையத்தில் ஒருவன் இருந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டு, கழுத்தில் சங்கிலி தொங்கவிட்டு, ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் போனைக் கதவில் பிடித்து, பாருங்கள் சத்தம் எவ்வளவு குறைந்துவிட்டது என்று குதித்தான். ரப்பர் ஒட்டக் குதிப்பு எதற்கு. அவன் விரலைப் பார்த்தேன், நகத்தில் ஒரு புள்ளி எண்ணெய் இல்லை. பாதியில் நிறுத்திவிட்டேன்.

பீடிங் வாங்க பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எருக்கலம்பிட்டிக்காரர், மரியாதையான மனிதர், ஆனால் எல்லாக் கடைக்காரரையும் போல விற்கிற சாமானைத் தானே கண்டுபிடித்த மாதிரிப் பேசுவார். மூன்று விதமான சுருள்களை எடுத்து மேசையில் போட்டார். ஒன்று தட்டை. ஒன்று உள்ளே பொள்ளலாக, அரைவட்டமாக இருந்தது. மற்றது தடியும் வாலுமாக இருந்தது. கதவு மூட அமுங்கிக் கொடுக்கிறது பொள்ளல்தான் என்பது எனக்குத் தெரியும், அதை எடுத்தேன். அவர் சுருளைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். கடைக்காரருக்குப் பேசத் தெரிகிறது, எங்கள் வீட்டாருக்குத்தான் தெரியாது என்று அப்போது நினைத்தேன்.

"இழுக்காமல் ஒட்டுங்கோ அண்ணன். ரெண்டு நுனியும் சேருற பொருத்து கதவுக்குக் கீழ வரட்டும். மேல வச்சால் காத்து ஊதும்."

நான் சிரித்தேன். இரக்கச் சிரிப்பு.

ஐஸ் பெக்டரியில் குளிரறைக் கதவுக்கு ரப்பர் போட்டவன் நான். ஒன்றல்ல, இரண்டல்ல. குளிர் கனமானது, கீழே இறங்கும். ரப்பரின் பொருத்தைக் கதவுக்குக் கீழே வைத்தால் குளிர் அந்த இடைவெளியால் ஒழுகும், தண்ணீர் தேங்கும், ஐஸ் பிடித்து ரப்பர் கிழியும். அதனால் பொருத்து எப்போதும் மேல் மூலையில். ரப்பரை நல்ல இறுக்கமாக இழுத்துப் பிடித்துத்தான் ஒட்டவேண்டும், தளர்ந்தால் மடியும். இது வேலைக்கு வந்த ஒவ்வொருவனுக்கும் நான் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம். மாறிச் செய்தவனை ஏசியிருக்கிறேன். கதவு என்றால் கதவு, ரப்பர் என்றால் ரப்பர். சுருள் சுற்றி விற்கிறவர் எனக்குப் பாடம் எடுக்கிறார்.

சனிக்கிழமை காலையில் தொடங்கினேன். நான்கு கதவின் விளிம்பிலும் மணலைத் தூரிகையால் தட்டி, ஈரத் துணியால் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டேன். உப்புப் படிந்த இடத்தில் பசை பிடிக்காது, இது இந்தத் தீவில் குழந்தைக்கும் தெரியும். ஒட்டு நாடாவின் தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து, மேல் மூலையில் தொடங்கி, இழுத்துப் பிடித்து, பெருவிரலால் அழுத்தி அழுத்திக் கதவைச் சுற்றி வந்து, திரும்ப மேல் மூலையில் முடித்தேன். பிளேட்டால் வெட்டிய இரண்டு நுனியும் ஒன்றோடொன்று முத்தமிட்டுக்கொண்டு நின்றன. ஒரு தலைமயிர் நுழையாது. இணையத்துச் சங்கிலிக்காரன் வந்து பார்த்திருக்கவேண்டும்.

மனைவி இரண்டு தரம் வந்து தேநீர் வைத்துவிட்டுப் போனாள். என்ன சொன்னாளோ, உதடு அசைந்தது. ஒழுங்கையில் இரண்டு கழுதைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. அந்த வாரம் முழுவதிலும் என்னைக் கேலி செய்யாமல் பார்த்தவை அவை இரண்டுமே. கதவுகளை இறுக்கச் சாத்தி, ரப்பர் பிடிக்கட்டும் என்று அப்படியே வெயிலில் விட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் காருக்கு வந்தார்கள். கதவு மூடுவதே பெரும்பாடாகிவிட்டது. புது ரப்பர் தடிப்பு, தள்ளிக்கொண்டு நின்றது. மகள் மூன்று தரம் இழுத்து அடித்தாள். மச்சானின் வேட்டி நுனி கதவுக்குள் அகப்பட்டு, திரும்பத் திறந்து, திரும்ப அடிக்கவேண்டி வந்தது. இது காரோ இரும்புப் பெட்டியோ என்று அவர் கேட்டிருப்பார். முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. எனக்குக் கேட்டிருந்தாலும் நான் கேட்டதாகக் காட்டியிருக்கமாட்டேன். இரும்புப் பெட்டி என்றால் நான் கேட்டது அதுதானே.

பட்டினத்துக்குள் ஓடும்போதே தெரிந்தது. அந்த உறுமல் இல்லை. ரயர் உருளுகிற சத்தம் எங்கேயோ தூரத்தில், அடுத்த வளவில் யாரோ மாவிடிக்கிற மாதிரிக் கேட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்தது. இந்தச் சந்தோசத்தை மறைக்க நான் முயற்சிக்கவில்லை. மூன்று பேரும் என்னைப் பார்க்கிற பார்வையில் வீட்டில் ஒரு வருடமாகச் சேர்ந்த அவமதிப்பு எல்லாம் கழுவப்படும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அரிப்புக்கு ஒரு இஞ்சினுக்குக் காது வைக்கப் போகவேண்டியிருந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு போய், அவளுக்கு முன்னால் ஸ்குரூட்ரைவரை வைக்கலாம் என்று கூட நினைத்தேன்.

பாலத்தில் ஏறினோம். சோளகம் நல்ல பலமாக இருந்தது, இரண்டு பக்கக் கடலும் நுரைத்துக்கொண்டு கிடந்தது. கார் காற்றில் ஒருக்கா ஆடியது. ஆனால் உள்ளே சந்தை இல்லை, கலைந்துவிட்டது. மனைவி சிலுவை அடையாளம் போட்டுச் செபமாலையைத் தொடங்கினாள், உதடு அசைவதைக் கண்டேன். நான் வேகத்தைக் கூட்டினேன். எவ்வளவு வேகமோ அவ்வளவு வெற்றி.

மனைவியின் உதடு நின்றது.

செபத்தின் நடுவில் அவள் நிறுத்துகிறவள் அல்ல. திரும்பிப் பார்த்தேன். அவள் மணியைப் பிடித்தபடி முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். பின்னாடி பார்க்கிற கண்ணாடியில் மகள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மச்சான் வலது காதுக்குள் விரலை விட்டிருந்தார். பொறாமை என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன், அதை எழுதாமல் விட்டால் இதை எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

"என்ன, இப்ப சொல்லுங்கோ பாப்பம். ஒரு சத்தம் இருக்கோ?" என்று கேட்டேன்.

மனைவி மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மச்சான் காதிலிருந்து விரலை எடுத்தார்.

"இல்லை மச்சான். நல்ல அமைதி."

அதிபரின் குரல். முற்றம் நிறைந்த பிள்ளைகளை அடக்கிய அதே குரல், முழுதாக, தெளிவாக என் காதில் விழுந்தது. இந்த மனிதருக்கு வாய் திறக்கத் தெரிகிறது. வென்றேன் என்று நினைத்தேன். ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த மின்கம்பம் வரைதான் அந்த வெற்றி இருந்தது. அதற்குள் எனக்கு ஒரு கேள்வி வந்துவிட்டது. நல்ல அமைதியான காருக்குள் இந்த மனிதர் ஏன் கத்துகிறார்?

அதோடு இன்னொன்று. என்னை ஒரு இடத்திலும் விட்டுக்கொடுத்துப் பேசாத வாய் அது. மேடை கோணல் என்று சொன்ன வாய். அந்த வாய் எனக்குச் சாதகமாகப் பேசுகிறது. மெஷின் திடீரென்று ஒழுங்காக ஓடினால் சந்தேகப்படவேண்டும் என்பது என் முப்பது வருடப் படிப்பு.

மகள் முன்னால் குனிந்து என் காதருகே வந்தாள். மெல்லத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன், பக்கத்தில் இருந்ததால் கேட்டது.

"அப்பா, உங்கட கதவு விசில் அடிக்குது. காது கிழியுது எங்களுக்கு."

நான் நம்பவில்லை. கூட்டுச் சதி. மூன்று பேரும் பூசையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள், பேசி வைத்திருப்பார்கள். எந்த இடத்தில் என்று கேட்டேன். மனைவி கையை நீட்டி, என் தலைக்கு முன்னால், கதவின் மேல் மூலையைக் காட்டினாள். என் வலது காதிலிருந்து ஒரு சாண் தூரம்.

பொருத்து இருக்கிற மூலை.

இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையின் நடுவிரலை அங்கே கொண்டுபோனேன். இழுத்து ஒட்டிய ரப்பர் வெயிலில் தன்பாட்டுக்குச் சுருங்கி, இரண்டு நுனிக்கும் நடுவில் ஒரு நெல்லளவு விலகியிருந்தது. அதற்குள்ளால் காற்று ஊசி மாதிரி வந்து விரலில் குத்தியது. ரப்பரின் நுனி இரண்டும் விரலுக்குக் கீழே துடித்தன. ஓடுகிற மெஷினில் விரல் வைத்துப் பழகியவன் நான். இவ்வளவு வேகமாகத் துடிக்கிற ஒன்று ஊமையாக இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

விரலால் அழுத்தி மூடினேன். கண்ணாடியில் மகளின் முகம் தளர்ந்தது. மனைவி மூச்சு விட்டாள். விரலை எடுத்தேன். இரண்டு பேரும் சுளித்தார்கள். நடிக்கிறார்கள், என் விரலைப் பார்த்து நடிக்கிறார்கள் என்று எனக்குள் ஒருவன் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போதுதான் மச்சானைப் பார்த்தேன். அவர் செபம் என்றால் கண்ணை மூடிவிடுகிறவர், செபம் திரும்பத் தொடங்குமென்று இப்போதும் கண்ணை மூடி இருக்கையில் சாய்ந்திருந்தார். என் விரல் அவருக்குத் தெரியாது.

மூடினேன். அவருடைய நெற்றி விரிந்தது. எடுத்தேன். கண் மூடியபடியே நெற்றி சுருங்கியது. மூடினேன், விரிந்தது. எடுத்தேன், சுருங்கியது. நாலு தரம் செய்து பார்த்தேன். எந்த இஞ்சினியரும் இதைவிடச் சுத்தமான சோதனை செய்து காட்ட முடியாது. ஒரு சாண் தூரத்தில் விசில் அடிக்கிறது, நான் அதை இன்னொருவரின் நெற்றியில் பார்க்கிறேன்.

கேத்தலும் ஊதியிருக்கிறது. இத்தனை வருடம் மனைவி ஒரு சொல்லின் வாலையும் விழுங்கவில்லை. கனத்த சத்தமெல்லாம் எனக்குக் கேட்டது, கொம்பிரசர், இஞ்சின், ரயர், என்னுடைய குரல். மெல்லிசான சத்தங்கள் எல்லாம் எப்போதோ என்னை விட்டுப் போய்விட்டன, சொல்லாமல் போய்விட்டன. பெக்டரி காதைக் கொடுத்தது என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். எடுத்ததும் அதுதான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சுருள் ரப்பரும், கடைக்காரர் சொன்ன சொல்லைக் கேளாத மண்டையும் வேண்டியிருந்தது. நான் இகழ்ந்த ஆட்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். பட்டியல் நீளம். சங்கிலிக்காரன்கூட அதில் இருந்தான்.

எல்லாவற்றிலும் என்னைச் சுட்டது மச்சானின் பொய்தான். என்னோடு மல்லுக்கட்டுகிற மனிதர், மல்லுக்கட்டத் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டார். நான் யாருக்கும் இரக்கப்படுவேன், எனக்கு ஒருவர் இரக்கப்படுவதை அதுவரை அனுபவித்ததில்லை. கசப்பாக இருந்தது. ஆனால் அவரை இறக்கிவிடத் தோன்றவில்லை.

பாலம் முடிந்தது. காரை நிறுத்தி ரப்பரைப் பிய்த்து எறிந்திருக்கலாம். நான் செய்யவில்லை. விரலைத் திரும்ப அந்த மூலையில் வைத்து அழுத்தினேன், அப்படியே ஓட்டினேன். பொலிஸ்காரன் கண்டிருந்தால், கூரையைப் பிடித்துக்கொண்டு கார் ஓட்டுகிற கிழவனை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருப்பான்.

"உன்ர கிளினிக் எத்தினை மணிக்கு?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டேன்.

மகள் இரண்டு கையையும் உயர்த்தி எட்டு விரலைக் காட்டினாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அரிப்புக்காரனுக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மாதா மேல் சத்தியம் பண்ணியாயிற்று, அதுவும் நடுச் செபத்தில்.

மனைவி விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எங்கே முடிகிறாள் என்று தெரியாமல் எதைச் சொல்வது. தெருவைப் பார்ப்பதா, அவளுடைய உதட்டைப் பார்ப்பதா. அப்போது அவளுடைய கை வந்து என் இடது முழங்காலில் ஒரு தட்டுத் தட்டியது. எனக்கு விளங்கவில்லை. இன்னொரு தட்டு. அவள் முதற்பாதியை முடித்துவிட்டு எனக்காகக் காத்திருக்கிறாள்.

தொடங்கினேன். அடுத்த மணிக்கு அடுத்த தட்டு. உயிலங்குளம் வரை ஒரு மணியிலும் நான் முந்தவில்லை, பிந்தவுமில்லை. விரல் மட்டும் விறைத்துப்போயிற்று. ஆனால் எடுக்கவில்லை.